ஓடுகிறவர்களின் ரத்த ரிப்போர்ட்: எனக்கு யாரும் சொல்லாதவை

தினமும் ஓடுகிறவர்கள், வேக நடை போகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக நாற்பதை ஒட்டிய பெண்களுக்காக. உடற்பயிற்சி செய்தால் எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும், நன்றாகத் தூக்கம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான், எனக்கும் நடந்தது. ஆனால் நாள்தோறும் மூச்சு வாங்க உழைக்கிற உடம்பில் சோடியம், பொட்டாசியம், இரும்பு போன்ற தாதுக்களின் அளவு எப்படி ஏறி இறங்கும், அது ரத்தப் பரிசோதனையில் எப்படித் தெரியும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு ராத்திரி ஐ.சி.யு.வில் கழிந்தது. அப்புறம் பல மாதம் உடம்பில் தெம்பே இல்லாமல் கழிந்தது. கையிலிருந்து 60,000 ரூபாய்க்கு மேல் போனது.

நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்குப் புனேயில் வேலை. வீட்டில் நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும்தான். நாற்பது வயதில் ஒருநாள் பி.பி. 138/88 என்று காட்டியது. குடும்ப டாக்டர், "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தேன். நடை மெல்ல ஓட்டமானது. பி.பி. 120-க்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட ஓட்டம், 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பது என்று போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. ஓட்டத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை என்பது புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் வருடா வருடம் மெடிக்கல் செக்கப் வைப்பார்கள். அந்த வருடம் அது ஒரு திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள்தான் 18 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். ரத்தம் எடுக்க வந்த பையன் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, "கையை மூடி மூடித் திறங்க மேடம், நரம்பு சிக்க மாட்டேங்குது" என்றான். நான் மூடி மூடித் திறந்தேன். ஒரு இடத்தில் குத்தி, வரவில்லை என்று ஊசியை உள்ளேயே கொஞ்சம் திருப்பினான். பிறகு இன்னொரு கை. பட்டை கட்டியது கட்டியபடியே வெகு நேரம் இருந்தது. கடைசியில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் டியூபில் இறங்கியது. எல்லாருடைய டியூப்களும் ஒரு தெர்மாகோல் பெட்டியில் போய், மதியத்துக்கு மேல்தான் பைக்கில் லேபுக்குக் கிளம்பின. இதெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக நினைவிருக்கிறது என்றால், பின்னால் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் இருந்தது தெரியவந்தது.

சாயங்காலம் ஏழரை மணிக்கு லேபிலிருந்து போன். பொட்டாசியம் 6.1 இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு என்றார்கள். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. கூடவே கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைம் 78, கிட்னிக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் 1.2 என்று இரண்டு சிவப்புக் கோடுகள். கல்லீரலும் போச்சு, கிட்னியும் போச்சு, இப்போது இதயமும் என்றுதான் நினைத்தேன். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். அந்த ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டே போன பயம் யாருக்கும் வேண்டாம். எமர்ஜென்சியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. ஆனாலும் ரிஸ்க் எடுக்க முடியாது என்று ஐ.சி.யு.வில் சேர்த்துவிட்டார்கள். மறுபடி எடுத்த ரத்தத்தின் முடிவு நள்ளிரவுக்கு மேல் வந்தது: பொட்டாசியம் 4.2. காலையில் டிஸ்சார்ஜ். பில் 24,000 ரூபாய். "முதல் சாம்பிள்ல ஏதோ பிரச்சனை இருந்திருக்கும்" என்பதுதான் எனக்குக் கிடைத்த விளக்கம்.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டது இது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய எல்லாமே செல்களுக்குள்தான் இருக்கிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மிகச் சொற்பம். தசை வேலை செய்யும்போது அதிலிருந்து பொட்டாசியம் வெளியே வரும். கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் அது 6-ஐக்கூடத் தொடும், நின்ற சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களின் தசையில் பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்புகள் கூடுவதால், அதே வேகத்தில் ஓடினால் அவர்களுக்கு இந்த ஏற்றம் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் திங்கட்கிழமை பொட்டாசியத்துக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் அந்த ரப்பர் பட்டைக்கும் மூடித் திறந்த கைக்கும்தான். பட்டை கட்டிய கையை மூடி மூடித் திறப்பது முன்கைத் தசைக்கு ஒரு உடற்பயிற்சி. அது மட்டுமே அந்தக் கையின் ரத்தத்தில் பொட்டாசியத்தை 1 முதல் 2 வரை ஏற்றிவிடக்கூடும். சிரமப்பட்டு எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருப்பதும் டியூபில் கலக்கும். லேபுக்குப் போகத் தாமதமானால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

எஸ்.ஜி.ஓ.டி.யும் கிரியேட்டினினும் வேறு கதை, அவை உண்மையிலேயே ஓட்டத்தால் ஏறியவை. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சில நாள் உயர்ந்தே இருக்கும். கிரியேட்டினின் ஓரிரு நாளில் இறங்கிவிடும். பத்து நாள் கழித்து, ஓடாமல் இருந்து எடுத்தபோது இரண்டும் ஒழுங்காக இருந்தன.

பொட்டாசியம் 6 என்று போன் வந்தால் போகத்தான் வேண்டும், அலட்சியம் கூடாது. கிட்னி கோளாறு உள்ளவர்கள், பி.பி.க்காக டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது நிஜமாகவே இருக்கலாம், அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆனால் போன இடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். ஈ.சி.ஜி. எப்படி இருக்கிறது? புதிதாக ரத்தம் எடுத்து, ரத்த வாயு பார்க்கும் இயந்திரத்தில் போட்டுப் பார்க்க முடியுமா? பெரும்பாலான பெரிய ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சியில் அந்த இயந்திரம் இருக்கும், பொட்டாசியம் அளவைச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். மூன்றாவது, ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் முடிவு வரும்வரை எமர்ஜென்சியிலேயே மானிட்டரில் வைத்திருக்க முடியுமா? கேட்பதில் தப்பே இல்லை. எனக்கு இன்சூரன்சும் கைகொடுக்கவில்லை. வெறும் பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் சேர்ந்தால் பணம் கிடையாது என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. என் கோரிக்கையை அதைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள். பாலிசியில் விலக்குகள் இருக்கும் பக்கத்தை ஒருமுறையாவது படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஆளாளுக்கு அறிவுரை. அதில் அதிகம் கேட்டது, "தண்ணி பத்தல உனக்கு, ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டராவது குடி" என்பது. ஓட்டக் குழுவில் பெரியவர்கள் சிலரே இதைச் சொன்னார்கள், அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது, சிலருக்கு ஆபத்து. வியர்வையில் அதிகம் போவது சோடியம்தான், ஆளைப் பொறுத்து ஒரு லிட்டருக்கு அரை கிராமிலிருந்து 2 கிராம் வரை. வெயிலில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து பயிற்சி செய்தால் உடம்பே சுதாரித்துக்கொண்டு வியர்வையில் உப்பைக் குறைத்துவிடும். ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்குவது பெரும்பாலும் உப்பு போனதால் மட்டுமல்ல, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தம் நீர்த்துப்போவதால். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து 2005-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே. 3 பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே, அது உயிருக்கே ஆபத்தான அளவு. யாருக்கு இப்படி ஆனது என்று பார்த்தால், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் முன்னால் நின்றார்கள். என்னை மாதிரி மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று தண்ணீர் குடிக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும்.

தாகம் எடுத்தால் குடிப்பது, எடுக்காவிட்டால் வற்புறுத்திக் குடிக்காமல் இருப்பது என்பதைத்தான் நான் இப்போது கடைப்பிடிக்கிறேன். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டேன் என்று பொருள். கறுப்பு டீஷர்ட் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால் நமக்கு வியர்வையில் உப்பு அதிகம் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. போன உப்பை அது ஈடுகட்டாது. உப்பு போட்ட நீர்மோரோ எலுமிச்சை ஜூஸோ மேல். ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கினால் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருப்பதை வாங்கி, ஒரு லிட்டர் என்று இருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கலக்குங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி வந்த இனிப்புப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஓடி முடித்தபின் தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சுக் குழறுவது என்று இருந்தால் மேலும் மேலும் தண்ணீர் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இனி சொல்லப்போவதுதான் என்னை அதிகம் வாட்டியது. பொட்டாசியக் கதை ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது, இது மாதக்கணக்கில் இழுத்தது.

முதலில் வேகம் குறைந்தது. முன்பு பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு இரைத்தது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. காய்கறிப் பையோடு ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். சீப்பில் கொத்தாக முடி வந்தது. ராத்திரி படுத்தால் கால் குடைச்சல், ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லும். அப்புறம் ஒன்று, அதை யாரிடமும் சொல்லவில்லை. அரிசி மேல் ஒரு ஆசை வந்தது. சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லுவேன். பிறகு அலுவலகத்துக்கே ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போனேன். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "பச்சரிசி தின்னா கண்ணாலத்தன்னைக்கு மழை வரும்னு சொல்லுவாங்க, உனக்குக் கண்ணாலமாகி இத்தனை வருசத்துக்கப்புறம் என்ன கண்ணு இது" என்றார். ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியை உடைத்து உடைத்துத் தின்பதும் நடந்தது.

டாக்டர்களிடம் போனேன். ஹீமோகுளோபின் 12.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. ஆகவே "உங்களுக்கு ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். மூச்சு வாங்குவதற்கு இதய டாக்டர், எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், 6,500 ரூபாய், எல்லாம் நார்மல். தைராய்டு, பி12, டி3 எல்லாம் சேர்த்து 4,000. வயிற்று ஸ்கேன் 2,200. முடிக்காக ஒரு கிளினிக்கில் தலையில் ஊசி போட்டுக்கொண்டது மட்டும் 14,000. மெக்னீசியம், ஜிங்க், மல்டி விட்டமின் என்று மாத்திரைகளுக்கு மாதாமாதம் போனது எல்லாம் சேர்த்து 9,000 இருக்கும். கன்சல்டிங் ஃபீஸ் தனி. ஒருவர் மன அழுத்தம் என்றார், ஒருவர் மாதவிடாய் நிற்கப்போகும் வயது என்றார். "ஏன் இந்த வயசுல ஓடிக்கிட்டு, பேசாம வீட்டுல இருங்க" என்று ஒருவர் சொன்னபோது அறையை விட்டு வெளியே வந்து பார்க்கிங்கில் வண்டிமேல் சாய்ந்துகொண்டு அழுதேன். உடம்பில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது. ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த இடைவெளியில் தனியாக நிற்பது மாதிரி ஒரு கஷ்டம் கிடையாது. புனேயில் இருப்பவரிடமும் எத்தனை தரம்தான் "இன்னிக்கும் முடியல" என்று சொல்வது? சொல்வதை நிறுத்திவிட்டேன். அரை மாரத்தானும் வந்தது, போனது. கட்டிய பணத்துக்கு டீஷர்ட் மட்டும் வாங்கிவந்தேன்.

கடைசியில் காய்ச்சலுக்காகப் போன ஒரு சின்ன கிளினிக்கில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு அவர் கேட்ட கேள்விகள்: "வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடுவீங்க? பீரியட்ஸ் எத்தனை நாள், ரொம்பப் போகுமா? டீ எப்போ குடிப்பீங்க? அரிசி, மண்ணு, சாக்பீஸ், ஐஸ் ஏதாவது திங்கணும்னு தோணுதா?" கடைசிக் கேள்விக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 78, ஆர்.டி.டபிள்யூ. (அவற்றின் அளவு வேறுபாடு) 16.5 என்று இருந்த இரண்டு வரிகளைக் காட்டி, "இது ரெண்டும் முன்னாடியே சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. சிவப்பணு சின்னதாயிட்டு வருது" என்றார். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், கூடவே அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி.யும் எடுக்கச் சொன்னார். ஃபெரிட்டின் டெஸ்டுக்கு 650 ரூபாய். முடிவு 7. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே இரும்புச் சேமிப்பு காலி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விளையாட்டு மருத்துவர்கள் பலர் ஓடுகிறவர்களுக்கு 30-க்கு மேலாவது இருக்க வேண்டும் என்பார்கள்.

ஹீமோகுளோபின் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் சோறு என்றால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். குதிர் காலியாகும் வரை சோறு பொங்கிக்கொண்டுதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஓட்டம் அந்தச் சேமிப்பைப் பல வழியில் காலி செய்கிறது. பாதம் தரையில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலில் கொஞ்சம் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. வியர்வையில் கொஞ்சம் போகிறது. நீண்ட ஓட்டத்தின்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கசிவு ஏற்படலாம், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் அது இன்னும் கூடும். இதற்கெல்லாம் மேல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன். கல்லீரல் சுரப்பது. கடும் பயிற்சிக்குப் பின் 3 முதல் 6 மணி நேரத்தில் அது உச்சத்துக்கு ஏறி, குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடுகிறது. காலை ஆறு மணிக்கு ஓடி முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடும் முருங்கைக்கீரையின் இரும்பு, அந்தக் கதவு மூடியிருக்கும் நேரத்தில் போய்ச் சேருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் இழப்பும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு ஐந்தாறு நாள் நன்றாகவே போகும், அதை இதுவரை ஒரு டாக்டரும் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். தொடர் பயிற்சியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 10 முதல் 20 சதவீதம் வரை கூடும். சிவப்பணு குறையாமலே ஹீமோகுளோபின் எண் கொஞ்சம் இறங்கித் தெரியும். அது நோயல்ல, உடம்பு பயிற்சிக்குப் பழகியதன் அடையாளம். அதற்குப் போய் இரும்பு மாத்திரை விழுங்கத் தேவையில்லை. எது எது என்று பிரித்துச் சொல்வதும் ஃபெரிட்டின்தான். எம்.சி.வி. குறைவாக இருந்து ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் ஜீன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அவர்களுக்கும் காரணமில்லாமல் இரும்பு கொடுக்கக் கூடாது. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால், கடுமையாக ஓடிய மறுநாளானாலும், ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால்தான் அந்தப் பெண் டாக்டர் என்னைக் காத்திருக்க வைத்தார், சி.ஆர்.பி.யும் கூட எடுக்கச் சொன்னார்.

வைத்தியம் என்று பார்த்தால் மலிவானதுதான். 100 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறாதா என்று கேட்டேன். ஒரு மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஏறி, மறுநாள் போடுவது சரியாக உள்ளே போகாது என்றார். சுவிட்சர்லாந்தில் இரும்புச் சத்துக் குறைந்த பெண்களிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட அளவு அதிகம். ஓடும் நாளில் ஓடி முடித்த அரை மணிக்குள், ஹெப்சிடின் ஏறுவதற்கு முன், வெறும் வயிற்றில் எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காய் ஜூஸோ சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். முதல் டம்ளர் டீயை மாத்திரைக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தேன், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பு, ராகியில் இருக்கும் இரும்பில் உடம்பில் சேருவது பாதிக்கும் மேல் குறைந்துவிடும். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்க்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்குக் கொய்யாவும் பப்பாளியும் கைகொடுத்தன. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) கீரையைவிட எளிதாக உறிஞ்சப்படும் இரும்பு. சுவரொட்டி காலையிலேயே போனால்தான் கிடைக்கும், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடுகிறேன், அதனால்தான் இரும்பு குறைந்தது என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதில் அல்சரிலிருந்து புற்றுநோய் வரை எதுவும் இருக்கலாம். என்னை டாக்டர் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு ஃபைப்ராய்டு கட்டி இருந்தது, மாதவிடாய் அதிகம் போனதற்கு அதுவும் காரணம். ஓட்டம் பாதி, அது பாதி.

மெக்னீசியம், ஜிங்க் மாத்திரைகளுக்கு நான் செலவழித்ததைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உடம்பின் மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கிறது, மிச்சமெல்லாம் எலும்பிலும் தசையிலும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரத்தத்தில் அது கொஞ்சம் இறங்கும், பிறகு தானாகத் திரும்பிவிடும். ஜிங்க் ஓடி முடித்த உடனே ஏறும், அப்புறம் இறங்கும். ஆகவே ஓடிய அன்று எடுத்த ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை வாங்குவதில் அர்த்தமில்லை. நிலக்கடலை, எள், பருப்பு, கம்பு ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கு மெக்னீசியம் என்று ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் கொடுப்பார்கள். எனக்குப் பிடிப்பு நின்றது வேகத்தைக் குறைத்த பிறகுதான்.

இப்போது ரத்தம் கொடுக்கப் போவதென்றால் கடும் ஓட்டம் முடிந்து மூன்று நாளாவது விட்டுத்தான் போகிறேன். எஸ்.ஜி.ஓ.டி. பார்க்க வேண்டுமென்றால் ஒரு வாரம். அன்று காலை சாதாரணமாகத் தண்ணீர் குடிப்பேன். லேபில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன், நின்றுகொண்டிருந்துவிட்டு உடனே கொடுத்தால் கால்சியம், புரதம் எல்லாம் கொஞ்சம் கூடிக் காட்டும். "தம்பி, கையை மூடித் திறக்க மாட்டேன், பட்டையை ரொம்ப நேரம் கட்டாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்து எடுக்கும் வசதி இருந்தாலும், பொட்டாசியம் பார்ப்பதானால் லேபுக்கே நேரில் போகிறேன். எப்போதும் ஒரே லேப். ரிப்போர்ட்டின் மேல் மூலையில், கடைசியாக ஓடிய நாள், எத்தனை கிலோமீட்டர், மாதவிடாய் தேதி, என்ன மாத்திரை என்று பேனாவால் எழுதி ஃபைலில் போடுகிறேன். டாக்டரிடம் அந்த ஃபைலோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலேயே அரிசி ஆசை போய்விட்டது. கால் குடைச்சல் நிற்கவும், மாடிப்படியில் நிற்காமல் ஏறவும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முடி கொட்டுவது நிற்க அதைவிட அதிக நாள் பிடித்தது. கடைசியாகப் பார்த்தபோது ஃபெரிட்டின் 38, ஹீமோகுளோபின் 13.1. ஃபெரிட்டின் 50-ஐத் தாண்டும்வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம், அதுவரை வாரம் 25 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்பது டாக்டர் போட்ட கண்டிஷன். அடுத்த டெஸ்ட் ஜூனில். ஃபைப்ராய்டுக்கு அதற்குள் ஒரு தடவை ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கணவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார்.